மாலியின் கால் ஆடுகிறது: அமெரிக்கன் கேர்ள் புத்தகங்களை இந்த வயதில் மறுபடி வாசிப்பவர்கள் உண்டா?

நித்யா_எடிசன்

எல்லோருக்கும் வணக்கம். வழக்கமாகச் சமையல் பகுதியில்தான் இருப்பேன், இந்தப் பக்கம் புதிது.

38 வயதில் ஒரு பொம்மை வாங்கிவிட்டேன். வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. வாஷிங் மெஷினுக்கு மேலே அலமாரியில், சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

முன்கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். திருச்சியிலிருந்து 1995-இல் நியூஜெர்சி வந்தபோது எனக்கு 8 வயது. வகுப்பில் டீச்சர் பேசுவது பாதிதான் புரியும். பள்ளி விட்டதும் அம்மா என்னை நூலகத்தில் உட்கார வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். அங்கே கையில் கிடைத்தவைதான் அமெரிக்கன் கேர்ள் கதைகள், அமெரிக்க வரலாற்றின் வெவ்வேறு காலத்துச் சிறுமிகளைப் பற்றியவை. ஒரு சிறுமிக்கு ஆறு புத்தகம். முதல் புத்தகம் அறிமுகம், அடுத்தது பள்ளி, பிறகு கிறிஸ்துமஸ், பிறந்தநாள், ஒரு சாகசம், கடைசியில் ‘எல்லாம் மாறியது’. எந்தச் சிறுமியை எடுத்தாலும் இதே வரிசை. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்ததால்தான் அரைகுறை ஆங்கிலத்தோடு என்னால் தாக்குப்பிடிக்க முடிந்தது.

அந்தச் சிறுமிகளையே பொம்மையாக விற்கும் கேட்டலாக் தபாலில் இலவசமாக வரும். எனக்கு அது இன்னொரு புத்தகம். பக்க ஓரங்களை மடித்து மடித்து வைப்பேன். அப்பா அதைச் சாப்பாட்டு மேசையின் குட்டைக் காலுக்கு அண்டை கொடுத்துவிட்டார். வாங்கித் தா என்று நான் கேட்கவே இல்லை. எங்கள் வீட்டில் கேட்கக் கூடாதவை எவை என்று எட்டு வயதுக்குள் தெரிந்துவிடும்.

போன குளிர்காலத்தில் ஊர் நூலகத்தில் பழைய புத்தகங்களைக் கழித்துக் கட்டினார்கள். ஒன்று 50 சென்ட். மகளுக்கு (வயது 9) என்று சொல்லி பதினொன்று அள்ளி வந்தேன். அவள் இரண்டு படித்தாள், நான் பதினொன்றையும் படித்தேன்.

முதலில் எடுத்தது மாலி. 1944, இரண்டாம் உலகப் போர், அப்பா இங்கிலாந்தில் ராணுவ மருத்துவர். முதல் புத்தகத்திலேயே அந்த டர்னிப் (முள்ளங்கி மாதிரி ஒரு காய்) இடம் வரும். வீட்டு வேலை பார்க்கும் மிஸஸ் கில்ஃபோர்ட் தோட்டத்து டர்னிப்பை மசித்துத் தட்டில் வைக்கிறார். சாப்பிடாமல் எழுந்திருக்கக் கூடாது. மாலி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறாள், தட்டில் இருப்பது ஆறிச் சில்லிட்டுப் போகிறது. 8 வயதில் இதை வாசித்தபோது எனக்குக் கில்ஃபோர்ட் அம்மாள் மேல் கொலைவெறி. இப்போது வாசித்தால், செஞ்சிலுவைச் சங்க வேலை முடிந்து தாமதமாக வீடு திரும்பும் அம்மாதான் கண்ணில் படுகிறார். அவர் கத்தவில்லை. பக்கத்தில் உட்காருகிறார். அந்த ஆறிப்போனதை எடுத்து வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துச் சூடாக்கிக் கொடுக்கிறார். அந்த வீட்டில் சர்க்கரை என்றால் ரேஷன் சர்க்கரை. அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. அமெரிக்காவில் சர்க்கரை ரேஷன் 1942-இல் தொடங்கி 1947 வரை இருந்திருக்கிறது.

சரி, பொம்மைக்கு வருகிறேன். மாலிதான். 18 அங்குலம், இரட்டைப் பின்னல், வட்டக் கண்ணாடி. ஆன்லைனில் ஒருவரிடம் பழையதாக 40 டாலருக்கு வாங்கினேன். ‘நல்ல நிலை’ என்று போட்டிருந்தார். பெட்டியைத் திறந்தால் சிகரெட் நாற்றம். ஒரு பின்னல் அவிழ்ந்து சடை பிடித்திருக்கிறது. இடது கால் லொடலொடவென்று ஆடுகிறது, தூக்கினால் பெண்டுலம் மாதிரி தொங்குகிறது. யாருக்காவது இதைச் சரிசெய்யத் தெரியுமா?

கொலுப்படி_மயிலை

நித்யா, மன்னிக்கவும், எனக்கு இது ஒன்றும் தெரியாது. பார்பி மாதிரியா? கதை முதலா, பொம்மை முதலா? சென்னையில் இருந்துகொண்டு கேட்கிறேன். எங்கள் வீட்டில் பொம்மை என்றால் வருஷத்துக்கு ஒன்பது நாள், அப்புறம் பழைய வேட்டியில் சுற்றிப் பரணுக்கு.

வடக்குக்காற்று

கொலுப்படி, பார்பிக்கு நேர் எதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்பி பெரிய பெண். இவர்கள் எல்லோரும் ஒன்பது பத்து வயதுச் சிறுமிகள்.

தொடங்கியவர் ப்ளெசன்ட் ரோலண்ட். முன்பு பள்ளி ஆசிரியை, பாடநூல்கள் எழுதியவர். 1984-இல் வர்ஜீனியாவில் இருக்கும் வில்லியம்ஸ்பர்க் போயிருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டு ஊரை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கும் இடம் அது. அதே சமயத்தில் அண்ணன் தம்பி பெண்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு தேடினால் கடையில் பார்பியும் ‘கேபேஜ் பேட்ச்’ குழந்தைப் பொம்மையும்தான். இந்த இரண்டும் மனதில் சேர்ந்துதான் 1986-இல் விஸ்கான்சினில் ப்ளெசன்ட் கம்பெனி பிறந்தது. முதலில் மூன்றே சிறுமிகள்: 1854-இன் கிர்ஸ்டன், 1904-இன் சமந்தா, 1944-இன் மாலி. கடையில் கிடைக்காது, கேட்டலாக் வழியாக மட்டும். 1998-இல் 70 கோடி டாலருக்கு மேட்டெல் வாங்கியது. ஆமாம், பார்பியின் மேட்டெல்தான். கதை முதலா பொம்மை முதலா என்றால், இரண்டும் ஒரே பிரசவம்.

நித்யா, காலைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், பயப்படாதீர்கள், அது சாதாரண வியாதி. முதலில் சட்டையைக் கழற்றி உடம்பைப் பாருங்கள். துணி உடம்பு வெள்ளையா, தோல் நிறமா? துணியில் சின்ன லேபிள் ஏதாவது தைத்திருக்கிறதா?

இரண்டு_பெண்களின்_அப்பா

எனக்கு இதில் ஒரு பழைய கடுப்பு உண்டு, கொட்டிவிடுகிறேன்.

கிட் என்று ஒரு சிறுமி. 1934, சின்சினாட்டி, பெரும் பொருளாதார வீழ்ச்சி. அப்பாவின் கார் வியாபாரம் படுத்துவிட்டது, அம்மா வீட்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். மில்லி அத்தை கோழித் தீவன மூட்டைத் துணியில் கிட்டுக்குக் கவுன் தைத்துக் கொடுக்கிறார். முதலில் வெட்கப்படும் பெண் பிறகு சிக்கனத்தின் அருமையை உணர்கிறாள். நல்ல கதை. என் பெரியவளுக்கு நானேதான் வாசித்துக் காட்டினேன், எனக்கே தொண்டை அடைத்தது.

வாசித்து முடித்ததும் பெண் கேட்கிறாள், “அப்பா, கிட் பொம்மை?” போய் விலையைப் பார்த்தால் நூறு டாலருக்கு மேல். சட்டை தனி, கட்டில் தனி, குட்டி டைப்ரைட்டர் தனி. ஏழ்மையை இவ்வளவு விலைக்கு விற்றவர்கள் உலகத்தில் வேறு யாரும் இல்லை. கடையில் பொம்மைக்கு முடி வாரிப் பின்ன சலூன், சாப்பிடப் போனால் பொம்மைக்குத் தனி நாற்காலி! மில்லி அத்தை பார்த்திருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்பார்.

(வாங்கினேன். இரண்டு பேருக்கும். அது வேறு கதை.)

நித்யா_எடிசன்

அப்பா சார், கடைசி வரியில் சிரித்துவிட்டேன். நீங்கள் சொன்னது எனக்கும் இந்த முறை நன்றாக உறைத்தது. சமந்தாவில் பாருங்கள். பேச்சுப் போட்டிக்கு ‘அமெரிக்காவின் முன்னேற்றம்’ என்று தொழிற்சாலைகளைப் புகழ்ந்து எழுதுகிறாள். பிறகு தோழி நெல்லி, தான் வேலை பார்த்த தொழிற்சாலை எப்படி இருக்கும் என்று சொல்கிறாள். மேடையேறிய சமந்தா பேச்சையே மாற்றிவிடுகிறாள், குழந்தைகளைக் காயப்படுத்துவது நல்ல முன்னேற்றம் இல்லை என்று. 1904-இல் நடக்கும் கதை. குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் நாடு முழுவதற்குமாக நிலைத்தது 1938-இல்தான். சமந்தா பேசியதற்கு 34 வருஷம் கழித்து! அந்தப் பக்கத்தை மூடிவிட்டுக் கேட்டலாக்கைத் திறந்தால் சமந்தாவின் பித்தளைக் கட்டில்.

வடக்குக்காற்று அக்கா, பார்த்தேன். உடம்பு வெள்ளைத் துணி. பக்கத்துத் தையலில் லேபிள் இருக்கிறது, ‘மேற்கு ஜெர்மனியில் செய்யப்பட்டது’ என்று. மேற்கு ஜெர்மனியா!

வடக்குக்காற்று

நித்யா, அந்த லேபிளை வெட்டிவிடாதீர்கள்! நாற்பது டாலருக்கு அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது உங்களுக்கு.

ஆரம்பத்தில் இந்தப் பொம்மைகளைச் செய்து கொடுத்தது ஜெர்மனியின் கோட்ஸ் நிறுவனம். 1990 அக்டோபரில் இரண்டு ஜெர்மனியும் ஒன்றாகிவிட்டன. ஆக ‘மேற்கு’ என்று இருந்தால் அதற்கு முந்தைய தயாரிப்பு. வெள்ளை உடம்பும் அதோடு ஒத்துப்போகிறது. 1991-இல் ஃபெலிசிட்டி வந்தாள். 1774-ஆம் ஆண்டுப் பெண், கவுனின் கழுத்து அகலம். வெள்ளைத் துணி வெளியே தெரியும் என்பதால்தான் எல்லாப் பொம்மைக்கும் உடம்புத் துணியைத் தோல் நிறத்துக்கு மாற்றினார்கள். உங்கள் மாலி இரண்டாம் உலகப் போரைப் பற்றிய பொம்மை, ஆனால் அவள் உடம்பில் தைத்திருப்பது பனிப்போரின் லேபிள்.

கால் விஷயம் நாளைக்கு எழுதுகிறேன். இங்கே பனி கொட்டுகிறது, வாசல் தள்ளப் போக வேண்டும்.

அட்லாண்டா_அனு

இவ்வளவு பேர் பேசுகிறீர்கள், ஆடியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே? (ஆடி மாதம் இல்லை. ஆடி வாக்கர்.)

1993-இல் வந்தவள், இந்த வரிசையின் முதல் கறுப்பினச் சிறுமி. கதை 1864-இல் வடக்குக் கரோலினாவின் புகையிலைத் தோட்டத்தில் தொடங்குகிறது. புகையிலைச் செடியிலிருந்து புழு பொறுக்குவது அவள் வேலை. சிலவற்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறாள். மேற்பார்வையாளன் அந்தப் புழுக்களை அவள் வாயில் திணித்து மென்று விழுங்க வைக்கிறான். எட்டு ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கான புத்தகத்தில் இது இருக்கிறது. நான் சின்ன வயதில் அந்தப் பக்கத்தை மட்டும் கிளிப் போட்டு மூடி வைத்திருந்தேன்.

என் கேள்வி வேறு. அதற்கு அடுத்த கறுப்பினச் சிறுமி வரலாற்று வரிசைக்கு வர 2011 ஆகிவிட்டது. 18 வருஷம். அந்த 18 வருஷமும் என் வகுப்புத் தோழிகள் தங்களைப் போல் இருக்கும் ஒரு வரலாற்றுப் பொம்மை வேண்டும் என்றால் அடிமையாகப் பிறந்து தப்பி ஓடியவள் மட்டும்தான். வெள்ளைக்காரச் சிறுமிகளுக்குக் குதிரை, தேநீர் விருந்து, நாடகம் என்று எத்தனை வகை! ஆடியின் கதை மோசம் என்று நான் சொல்லவில்லை. இந்த வரிசையிலேயே அதுதான் மிக நன்றாக எழுதப்பட்டது என்று இப்போது மறுபடி வாசித்த பிறகும் சொல்வேன். ஆனால் ஒரே ஒருத்தியின் தோளில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார்கள்.

ஸ்காபரோ_வாணி

அனு, நான் கனடாப் பிள்ளை. எங்கட நூலகத்திலும் ஆடி இருந்தது. புழு எனக்கு அவ்வளவு நினைவில்லை. எஸ்தர்தான் நினைவு.

ஆடியும் தாயும் இரவில் தப்பி ஓட முடிவெடுக்கிறார்கள். கைக்குழந்தை எஸ்தர் அழுதால் எல்லோரும் பிடிபடுவார்கள். ஆகவே அவளை லூலா மாமியிடமும் சாலமன் மாமாவிடமும் விட்டுவிட்டுப் போகிறார்கள். கடைசிப் புத்தகத்தில்தான் எஸ்தர் திரும்பக் கிடைக்கிறாள். அதற்குள் சாலமன் மாமா வழியிலேயே செத்துப்போகிறார், லூலா மாமி குழந்தையைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுக் கண்ணை மூடுகிறார்.

எங்கள் வீட்டில் இந்தக் கதையை நான் சத்தமாக வாசித்தபோது அம்மம்மா சமைத்துக்கொண்டிருந்தவ. ஆங்கிலம் அவவுக்கு விளங்காது, நான் தமிழில் சொல்லிச் சொல்லி வாசிப்பேன். எஸ்தரை விட்டுவிட்டுப் போகும் இடத்தில் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து இருந்தவ. பிறகு ஒவ்வொரு நாளும் பள்ளியால் வந்தவுடன் கேட்பா, “அந்தப் பிள்ளை கிடைச்சிட்டுதோ?” ஆறாவது புத்தகம் நூலகத்தில் வெளியே போயிருந்தது. மூன்று கிழமை காத்திருந்தோம்.

பொம்மை ஒருநாளும் எங்களிடம் இருந்ததில்லை. இப்பவும் வாங்கும் எண்ணமில்லை. சும்மா எழுத வேணும் போல இருந்தது.

அட்லாண்டா_அனு

வாணி, இதைப் படித்துவிட்டு ஆறாவது புத்தகத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஆடிக்குத் தன் பிறந்தநாள் தெரியாது. அடிமையாகப் பிறந்த குழந்தையின் தேதியை யார் குறித்து வைப்பார்கள்? ஃபிலடெல்ஃபியா வந்த பிறகு, உனக்குப் பிடித்த நாளை நீயே தேர்ந்தெடுத்துக்கொள் என்று சொல்கிறார்கள். அவள் அவசரப்படாமல் காத்திருந்து, ஏப்ரல் 9-ஐ எடுத்துக்கொள்கிறாள். 1865-இல், உள்நாட்டுப் போரில் தெற்குப் படையின் தளபதி லீ சரணடைந்த நாள்.

இரண்டு_பெண்களின்_அப்பா

எங்கள் பாட்டிக்கும் பிறந்த தேதி தெரியாது. புயலுக்கு அடுத்த மாசம் என்பார். அப்பாவுக்கு ஜூன் 1, பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் போட்டது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஜூன் 1-தான். ஆனால் அதுவும் இதுவும் ஒன்றில்லை என்பது புரிகிறது. எங்கள் பாட்டியை யாரும் விற்கவில்லை.

வடக்குக்காற்று

கால் பார்க்கலாம் வாருங்கள். நான் இதுவரை ஒன்பது பொம்மைக்குச் செய்திருக்கிறேன். ஆறு நன்றாக வந்தன, மூன்றைச் சொல்ல மாட்டேன்.

கழுத்துக்குப் பின்னால், துணி உடம்பின் மேல் விளிம்பில் இரண்டு கயிற்று முனைகள் இருக்கும். உள்ளே செருகி வைத்திருப்பார்கள், குரோஷே ஊசியால் வெளியே எடுக்கலாம். முடிச்சைப் பொறுமையாக அவிழுங்கள். கத்தரி எடுக்கவே கூடாது, அந்தக் கயிறு அறுந்தால் தலை நிற்காது. அவிழ்ந்ததும் தலையை மெதுவாகச் சுழற்றி எடுங்கள். (மகள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். என் பெண் நடுவில் வந்து பார்த்துவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.) உள்ளே இருக்கும் பஞ்சை ஒரு பாத்திரத்தில் எடுத்து வையுங்கள். காலிலிருந்து வரும் எலாஸ்டிக் கயிறு தட்டுப்படும், அதன் நுனியை ஒரு சின்ன உலோக வளையத்தால் நெரித்திருப்பார்கள். வருஷக்கணக்கில் எலாஸ்டிக் தளர்ந்ததுதான் உங்கள் லொடலொடப்பு. கயிற்றை இழுத்துப் பிடித்து, உடம்பை ஒட்டிப் புது முடிச்சு. இழுப்பது ஒருவர், முடிச்சுப் போடுவது ஒருவர் என்றால் சுலபம். அளவாக இழுங்கள், பேராசை கூடாது.

நாற்றத்துக்கு: உடைகளைக் கழற்றித் தனியாக அலசுங்கள். பொம்மையை ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில், கிண்ணத்தில் சமையல் சோடாவோடு ஒரு வாரம் அடைத்து வையுங்கள். பஞ்சையும்தான். முடிக்கு எண்ணெய் வேண்டாம், ஷாம்பூ வேண்டாம், தயவுசெய்து சூடு காட்ட வேண்டாம். தண்ணீரை லேசாகத் தெளித்து, கம்பிப் பல் வைத்த விக் பிரஷ்ஷால் நுனியிலிருந்து மேலே மேலே போங்கள், நம் வீட்டில் சிக்கெடுக்கிற மாதிரியேதான். கண்ணுக்குள் தண்ணீர் போனால் உள்ளே துருப்பிடிக்கும், ஜாக்கிரதை.

மைக்கறை இருந்தால் முகப்பருக் களிம்பு தடவி வெயிலில் வைப்பார்கள். வேலை செய்யும், ஆனால் அந்த இடம் வெளுத்துப்போகவும் செய்யும். நான் கறையோடே விட்டுவிடுவேன்.

நித்யா_எடிசன்

அக்கா, உங்களுக்குக் கோடி நன்றி. தலையைக் கழற்ற வேண்டும் என்றதும் கொஞ்சம் நடுங்கிவிட்டேன். நீங்கள் மினசோட்டாவா? கிர்ஸ்டன் ஊர்!

வடக்குக்காற்று

ஆமாம், 26 வருஷமாக. கிர்ஸ்டன் புத்தகத்தை இங்கே வந்த பிறகுதான் வாசித்தேன், குழந்தைகளுக்காக. கப்பலில் கூட வந்த தோழி மார்ட்டா ஆற்றுப் படகில் காலராவில் இறந்துபோவாள், அந்தப் பக்கத்தை என் பெண் இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். கிர்ஸ்டன் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்த துணிப் பொம்மைக்குப் பேர் சாரி. பெட்டியிலேயே மாட்டிக்கொள்கிறது அது. ‘சாரி கிடைத்ததா அம்மா’ என்று பெண் கேட்கும்போதெல்லாம் எனக்குப் புடவைதான் ஞாபகம் வரும்.

ஆனால் இந்த முறை வாசித்தபோது வேறொன்று உறுத்திற்று. கிர்ஸ்டனுக்குப் பாடும் பறவை என்று ஒரு பழங்குடித் தோழி. உணவில்லாமல் அவளுடைய மக்கள் இடம்பெயர்ந்து போகிறார்கள். கிர்ஸ்டனுக்கு வருத்தம், அவ்வளவுதான், அத்தியாயம் முடிந்தது. ஏன் உணவில்லை? கதை நடக்கும் 1854-க்கு மூன்றே வருஷம் முன்னால், 1851 ஒப்பந்தங்களில் டக்கோட்டா மக்கள் தெற்கு மினசோட்டாவின் பெரும்பகுதியை இழந்திருந்தார்கள். கிர்ஸ்டன் குடும்பம் மாதிரியானவர்கள் வந்து உழுதது அப்படிக் கைமாறிய நிலங்களைத்தான். பட்டினியும் தராமல் விட்ட பணமும் சேர்ந்து 1862-இல் போர் வெடித்தது. அந்த டிசம்பர் 26-ஆம் தேதி மன்கேட்டோவில் ஒரே நாளில் டக்கோட்டாக்காரர்கள் 38 பேரைத் தூக்கிலிட்டார்கள். கதையில் 9 வயதாக இருந்த கிர்ஸ்டனுக்கு அப்போது 17 இருந்திருக்கும். ஏழாவது புத்தகம் ஒன்று இருந்திருந்தால் அவள் எந்தப் பக்கம் நின்றிருப்பாள் என்று பனி தள்ளும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

நித்யா_எடிசன்

அக்கா, கொஞ்சம் வழக்காடட்டுமா? அது 1986-இல் குழந்தைகளுக்கு எழுதியது. இவ்வளவையும் அதில் எதிர்பார்க்கலாமா?

அட்லாண்டா_அனு

எதிர்பார்க்கலாம் நித்யா. ஏழு வருஷத்தில் அதே கம்பெனிதான் புழுவை வாயில் திணிக்கும் காட்சியைப் போட்டது. குழந்தைகளுக்குத் தாங்காது என்ற சாக்கு அங்கே எடுபடவில்லையே. ஃபெலிசிட்டியில் தாத்தாவின் தோட்டம் அழகோ அழகு. அதில் வேலை செய்கிறவர்கள் யார் என்று கதை நின்று பார்ப்பதில்லை. அவள் 1774-இல் தேநீர் குடிக்க மாட்டேன் என்று கோப்பையைக் கவிழ்த்து வைப்பது பிரிட்டன் போட்ட தேயிலை வரியை எதிர்த்து, விடுதலைக்காக. தேநீர் கொண்டுவந்து வைத்தவருக்கு விடுதலை?

பின்னால் கற்றுக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2002-இல் பழங்குடிச் சிறுமி கயா வந்தபோது அவளுடைய நெஸ் பெர்ஸ் இனத்து மக்களைக் கூட வைத்துக்கொண்டுதான் செய்தார்கள். மற்ற பொம்மைகளுக்கெல்லாம் முன்பல் இரண்டு தெரியும். கயாவுக்கு மட்டும் வாய் மூடியிருக்கும். பல்லைக் காட்டுவது அவர்கள் மரபில் மரியாதையில்லை என்று அவர்கள் சொன்னதால், அவளுக்கென்றே தனி முக அச்சு.

நித்யா_எடிசன்

சரி, ஃபெலிசிட்டி விஷயத்தில் தோற்றேன். கிர்ஸ்டனை இன்னும் விட்டுக்கொடுக்க மனமில்லை. மொழி தெரியாத ஊரில் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் அவளைத்தான் நான் அந்த வயதில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

கொலுப்படி_மயிலை

மூன்று நாளாக இந்த இழையைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன், குழம்பு இரண்டு முறை தீய்ந்தது.

இந்தியப் பெண் ஒருத்தியும் கிடையாதா இதில்? மாலி டர்னிப் வேண்டாம் என்று அடம்பிடித்த அந்த வருஷங்களில்தான் வங்காளத்தில் பஞ்சம். மெட்ராசில் 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரையே காலி செய்தார்கள். எங்கள் பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. மரப்பாச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு ரயிலில் கும்பகோணம் போனதை நூறு தடவை சொல்லியிருக்கிறார். ஆறு புத்தகத்துக்குச் சரக்கு இருக்கிறது!

நித்யா_எடிசன்

கொலுப்படி அக்கா, நீங்களே எழுதுங்கள். முதல் பிரதி எனக்கு.

வரலாற்று வரிசையில் நம்மவர் இல்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு இக்காலச் சிறுமி கொண்டுவருவார்களே, அதில் 2023-க்குக் கவி சர்மா. தெற்காசியச் சிறுமி அந்த வரிசையில் வந்தது அதுவே முதல். ஊர் எது தெரியுமா? நியூஜெர்சி மெட்டச்சன். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம்! செய்தி வந்த அன்று எங்கள் வாட்ஸப் குழுவில் பெரியவர்கள்தான் குதித்தோம். என் மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் வகுப்பில் பாதிப் பேர் கவி மாதிரிதான் இருக்கிறார்கள், அவளுக்கு இதில் என்ன அதிசயம்?

இன்னொரு கொடுமை. 2020-இல் 1986-ஆம் ஆண்டுச் சிறுமி வந்தாள். நான் பிறப்பதற்கு முந்தைய வருஷம், போனால் போகட்டும் என்று விட்டேன். 2023-இல் 1999-ஆம் ஆண்டு இரட்டையர் வந்துவிட்டார்கள். 1999-இல் எனக்கு 12 வயது. நான் இப்போது வரலாறு.

இரண்டு_பெண்களின்_அப்பா

எனக்கு 99-இல் முதல் வேலை. என்னை அகழ்வாராய்ச்சியில் எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள்.

நித்யா, எந்தப் பதிப்பை வாங்குவது? கடையில் இருக்கும் புதியதில் சின்னவளுக்குப் படமே இல்லை என்று புகார்.

நித்யா_எடிசன்

இதைச் சொல்லத்தான் இத்தனை நாளாகக் காத்திருந்தேன்!

பழையதைத் தேடுங்கள். ஆறு ஆறாக இருந்த மெல்லிசுப் புத்தகங்கள். 2014-இல் பெயர், அட்டை எல்லாம் மாற்றி ஆறு கதைகளை இரண்டு தொகுதியாகச் சேர்த்தார்கள். உள்ளே இருந்த வண்ணப் படங்கள் போய்விட்டன. பழைய பதிப்பில் பக்கத்து ஓரத்தில் குட்டிக் குட்டியாக ஒரு வாளி, ஒரு பொத்தான் காலணி, ஒரு ரேஷன் புத்தகம் வரைந்திருக்கும். ஆங்கிலம் தெரியாத எனக்கு அகராதியே அதுதான். பொத்தான் மாட்டும் கொக்கி என்று ஒன்று உண்டு என்பதை அந்த ஓரத்துப் படத்தில்தான் தெரிந்துகொண்டேன். கதை முடிந்ததும் பின்னால் சில பக்கம் உண்மை வரலாறு, பழைய புகைப்படங்களோடு. 2014 பதிப்பில் அதையும் சுருக்கிவிட்டார்கள்.

எல்லோரும் பொம்மையைத்தான் பத்திரப்படுத்துகிறார்கள். பெட்டி, ரிப்பன், சீப்பு வரை. அதெல்லாம் எங்கும் போகாது, யாராவது ஒருவர் அலமாரியில் இருக்கும். கண்முன்னே காணாமல் போவது அந்த மெல்லிசுப் புத்தகங்கள்தான். நூலகங்கள் மூட்டை மூட்டையாகக் கழிக்கின்றன, 50 சென்ட்டுக்கும் ஆள் வருவதில்லை. என்னிடம் உள்ள ஆடி நான்காம் புத்தகத்தில் ‘நீக்கப்பட்டது’ என்று சிவப்பு முத்திரை, அதற்குக் கீழே தேதிச்சீட்டில் 1996-இலிருந்து வரிசையாக 31 தேதி. எண்ணிப் பார்த்தேன். கடைசித் தேதி 2009. பொம்மைக்கு 100 டாலர் ஒதுக்குபவர்கள் அதில் ஐந்து டாலரைப் புத்தகத்துக்குத் திருப்பினால் பத்துப் புத்தகம் வரும்.

ஸ்காபரோ_வாணி

நித்யா, ஆடி ஆறாவது புத்தகம் உங்களிடம் இரண்டாவது பிரதி இருக்குமோ? தபால் செலவு நான் தருவேன்.

நித்யா_எடிசன்

என்னிடம் ஒன்றுதான் வாணி, ஆனால் அது இனி உங்களுடையது. முகவரியைத் தனிமடலில் போடுங்கள். தபால் செலவைப் பற்றிப் பேசினால் அனுப்ப மாட்டேன்.

நித்யா_எடிசன்

(ஒன்பது நாள் கழித்து)

அறுவைச் சிகிச்சை முடிந்தது!

ரகசியம் நிலைக்கவில்லை. அம்மா துணி போடப் போய் சோப்பு டப்பாவை நகர்த்தியிருக்கிறார். கையில் மாலியோடு வந்து, “இது யார்?” என்றார். சொன்னேன். கேட்டலாக், மேசைக் கால் எல்லாம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பொம்மையின் காலை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். பிறகு, “மேசை ஆடினதுக்கு அதை எடுத்தது அப்பா இல்லை, நான்தான்” என்றார். முப்பது வருஷமாக அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தையல் பெட்டியை எடுத்து வந்து உட்கார்ந்துவிட்டார். கழுத்து முடிச்சை அவிழ்த்தது அம்மாதான், எனக்கு இருபது நிமிடமாக வராதது அவர் நகத்துக்கு இரண்டே நிமிடம். நான் எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்தேன், அவர் முடிச்சுப் போட்டார், பூ கட்டும் முடிச்சு. பஞ்சைத் திணிக்கும்போது, “இலவம்பஞ்சு இல்லை போல” என்று ஒரு குறை. பின்னல் இரண்டையும் அவிழ்த்து மறுபடி இழுத்துப் பின்னியதில் மாலிக்குக் கண் கொஞ்சம் மேலே ஏறிவிட்டதோ என்று சந்தேகம். நாற்றம் முக்கால்வாசி போய்விட்டது.

ஒரே பிரச்சினை. அக்கா பேராசை கூடாது என்று சொல்லியும் நான் அதிகம் இழுத்துவிட்டேன். வலது கால் சொன்னபடி கேட்கிறது. இடது கால் விறைப்பாக நிற்கிறது, உட்கார வைத்தால் டப்பென்று எழுந்துவிடுகிறாள். மறுபடி பிரிக்க வேண்டுமா?

வடக்குக்காற்று

பூ கட்டும் முடிச்சு என்றால் அது அவிழாது நித்யா, வெட்டத்தான் வேண்டும். நான் என்றால் விட்டுவிடுவேன். எலாஸ்டிக் தானாகத் தளரும், ஒரு வருஷம் கொடுங்கள்.

கொலுப்படி_மயிலை

கொலுவில் நிற்க வைக்க அந்தக் கால்தான் வசதி. கீழ்ப்படியில் வையுங்கள், 18 அங்குலம் மேல்படியில் இடிக்கும்.